உப்பு மரவை

கடைசல் மோட்டார் ஓடுகிறவரை வல்லியை யாரும் கூட்டிக்கொண்டு போக முடியாது. சொரிமுத்து இதை இப்போதுதான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார், சொன்னதும் வெட்கமாக இருந்தது. மீசை நரைத்த ஆள், மடியெல்லாம் மரச்சுருள் கொட்டிக் கிடக்க, பெற்ற மகளைத் தன் பக்கம் நிறுத்திவைக்கக் கண்டுபிடித்த உபாயம் ஒரு கிண்ணத்தை மெதுவாகக் கடைவது. வாய் உள்ள மனுஷன் என்றால் இந்நேரம் எழுந்து உள்ளே போயிருப்பான். பட்டறைக்கும் வீட்டுக்கும் நடுவே இருப்பது ஒரு சின்ன முற்றம், குறுக்கே ஒரு கொடி, கொடியில் அவருடைய துண்டு. துண்டுக்குக் கீழே வீட்டு வாசல் தெரிகிறது, வாசலுக்குள் தென்காசிக்காரர்கள் தெரிகிறார்கள். சம்பந்தியின் ஒரு முழங்கால், முழங்கால் மேல் காப்பி டம்ளர். மாப்பிள்ளையின் அக்காள் தெய்வானையின் பச்சைச் சேலை. அந்தப் பச்சைக்கு அப்பால் வல்லியின் முகம், அதிலும் வலது பாதிதான், இடது பாதியைத் தூண் மறைக்கிறது. மாப்பிள்ளை குமரேசன் உள்ளேயே வரவில்லை. தெருவில் காருக்குள் ஏசி போட்டு உட்கார்ந்திருக்கிறானாம், கோபமாம். கோபப்பட அவனுக்கு என்ன வந்தது என்று கேட்கத் தோன்றியது, யாரிடம் கேட்க, உளியிடமா. உளி தன் பாட்டுக்குச் சீவிக்கொண்டிருந்தது, சுருள் சுருளாக மஞ்சள் மரம் கையில் வந்து விழுந்து மடியில் சரிந்தது. உள்ளே என்ன பேசுகிறார்கள் என்று ஒரு சொல்லும் கேட்கவில்லை. நிறுத்தினால் கேட்கும். நிறுத்தினால் வேலை முடிந்தது என்று ஆகிவிடும், வேலை முடிந்தால் வல்லி பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிவிடுவாள். அதனால் அவர் வெளிப்பக்கம் சரியாக வந்துவிட்ட வளைவையே இன்னும் ஒரு நூல் சீவினார்.

கடைசல்காரர்கள் வீட்டு வழக்கம் இது. பெண் புருஷன் வீட்டு அடுப்படிக்குள் கால் வைக்கும்போது தகப்பன் தன் கையால் கடைந்த உப்பு மரவை அவள் கையில் இருக்க வேண்டும். உப்பு போட்டுவைக்கிற மரக்கிண்ணம்தான், பெரிய அதிசயம் ஒன்றுமில்லை, ஆனால் அது விரிசல் விட்டால் வேறொன்று கடைந்து கொடுக்கிறவரை அவள் அந்த அடுப்பை நெருங்கக்கூடாது. சம்பந்தி வீட்டாரும் கடைசல் பட்டறையில் பிறந்து வளர்ந்தவர்கள்தான். இன்று தென்காசியில் நகைக்கடை, கண்ணாடிக் கதவு, வாசலில் காவலுக்கு ஆள், ஆனால் வழக்கத்தை மட்டும் விடவில்லை. காலையில் வந்ததும் வராததுமாகத் தெய்வானை பட்டறைக்குள் எட்டிப்பார்த்து, வல்லியின் பழைய மரவையை மேடை மேல் வைத்தாள். “மாமா, இதே அளவுல ஒண்ணு கடைஞ்சு தாங்க. பழசு விண்டுட்டு. அம்மை வேற ஏனத்துல உப்பு வைக்கக் கூடாதுன்னு ஒத்தக் கால்ல நிக்கா. ராகு காலத்துக்கு முன்ன கிளம்பணும் பாத்துக்கிடுங்க.” ஏதோ பால் கார்டைக் கொடுத்துப் பால் வாங்கிவரச் சொல்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போனாள். அவர் சரி என்றார். சரி என்பதைத் தவிர வேறு என்ன சொல்லியிருக்கிறார் இத்தனை காலமும். இன்றைக்குப் புதன், உச்சிக்கு ராகு காலம் தொடங்கிவிடும். அது தொடங்கிவிட்டால் அவர்கள் கிளம்ப மாட்டார்கள். சுவர்க் கடிகாரத்தின் பெரிய முள் மேலே ஏறிக்கொண்டிருந்தது. உபாயத்துக்கு ஒரு எல்லையும் கிடைத்துவிட்டது, அதுவரை இழுத்தால் போதும், நாளைக்கு நாளை பார்த்துக்கொள்ளலாம். நாளைக்கு என்ன பார்ப்பாய் என்று அவருக்குள்ளேயே ஒருவன் கேட்டான். சொரிமுத்து காலிப்பரை எடுத்துப் பழைய மரவையின் வாயை அளந்தார்.

அளக்கத்தான் எடுத்தார், விரல் அளவில் நிற்கவில்லை. விளிம்பைத் தடவிக்கொண்டே போய் விரிசலில் போய் நின்றது. விளிம்பிலிருந்து நாரோடு நாராக அடிவரை ஓடுகிற விரிசல், தொடங்குகிற இடத்தில் லேசான ஒரு நசுங்கல். அதற்கு நேர் எதிர்ப்பக்கம் பழைய விரிசல், அதை அவரேதான் அடைத்திருந்தார், மரத்தூளையும் அரக்கையும் குழைத்து அடைத்து மேலே ஒரு சிவப்பு வளையம் ஓட்டி மறைத்தது. அந்த வேலை இன்னும் அப்படியே இருந்தது, கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. சற்றுப் பெருமையாகக்கூட இருந்தது. இது மஞ்சக்கடம்பு மரம். மாடியிலிருந்து போட்டாலும் தெறித்து உருளுமே தவிர விண்டு போகாது. கீழே போட்டால் விரிசல் விழாது, அப்படியென்றால். அப்படியென்றால் என்பதற்குப் பிறகு அவர் மனசு ஒரு அடி எடுத்து வைக்க மறுத்தது. புது மரவையின் உள்பக்கம் உளியை நுழைத்தார். குடைகிறபோது சத்தம் மாறும், கட்டியாக இருக்கும்போது கனத்த குரல், மெலிய மெலியக் குரல் மேலே ஏறும், அதைக் கேட்டுத்தான் கனம் பார்ப்பார். இன்றைக்குக் குரல் சீக்கிரமே ஏறிவிட்டது. கை அழுத்திவிட்டது போலிருக்கிறது. உளியைப் பின்னுக்கு இழுத்துவிட்டு மூச்சை விட்டார். ஓட்டையாகிவிட்டால் வேறு கட்டை எடுத்து முதலிலிருந்து தொடங்கலாம், இன்னும் நேரம் கிடைக்கும் என்று ஒரு ஆசை வந்தது. ஆனால் வேண்டுமென்றே ஒரு வேலையைக் கெடுக்க அந்தக் கைக்கு வரவில்லை, மகளுக்காகக்கூட வரவில்லை. என்ன கை இது.

போன தை மாதம் வல்லி தனியாகத்தான் வந்தாள். பொங்கல் படிச் சீர் கொடுத்தனுப்பிச் சில நாள்தான் ஆகியிருந்தது, ஏன் வந்தாள் என்று யாரும் கேட்கவில்லை, பெண் பிறந்த வீட்டுக்கு வந்தால் காரணமா கேட்பார்கள். வந்தவள் அம்மாளிடம் போகாமல் நேரே பட்டறைக்கு வந்தாள். பையைத் தோளிலிருந்து இறக்காமல், அதற்குள்ளிருந்து மரவையை எடுத்து அவர் முன்னால் நீட்டினாள். அவர் அப்போது ஒரு குங்குமச் சிமிழுக்கு அரக்கு ஓட்டிக்கொண்டிருந்தார், அரக்கு ஓடுகிறபோது நிறுத்த முடியாது, பாதியில் நிறுத்தினால் திட்டுத் திட்டாக உறைந்து வேலை நாசமாகிவிடும். மோட்டாரை நிறுத்தாமலே மரவையைப் பார்த்துச் சிரித்தார். “இது எப்படிட்டி உடைஞ்சுது? மலையில இருந்தா போட்ட?” “விழுந்துட்டுப்பா” என்றாள். அது கேட்டது. அதற்குப் பிறகு இன்னும் என்னமோ சொன்னாள், அல்லது கேட்டாள். உதடு அசைந்தது, கண் அவர் முகத்தை விட்டு நகரவில்லை. மோட்டார் சத்தத்தில் விளங்கவில்லை. விளங்கவில்லை என்று சொல்ல ஒரு நொடி ஆகாது, ஆனால் அரக்குக் குச்சி கையில், கண் சிமிழில், அவர் பாட்டுக்குத் தலையை ஆட்டி “ஆகட்டும், ஆகட்டும்” என்றார். விரிசலை அடைத்துத் தர முடியுமா என்று கேட்டிருப்பாள், வேறென்ன. அந்த “ஆகட்டும்” கேட்டதும் அவள் முகம் மலர்ந்ததே, அது இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. உள்ளே ஓடிப்போய்ப் பையைக் கொடியாணியில் மாட்டினாள். சேலையைத் துவைத்துப் போட்டாள். அம்மாளோடு உட்கார்ந்து கீரை ஆய்ந்தாள், பாட்டுக்கூட முணுமுணுத்தாள் என்று அவர் மனைவி ஆவுடை பிறகு சொன்னாள். அவர் அந்த மத்தியானம் முழுவதும் மரவையைச் சீர் பண்ணினார். சிராய்ப்பே இல்லாமல் உடைந்திருந்ததால் வேலை சுளுவாக முடிந்தது, அதைக்கூட அவளிடம் குஷியாகச் சொன்னார். “பாரு, விண்ட இடம் எங்கன்னு உன்னால சொல்ல முடியுமா?” அவள் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. பிறகு பொழுது சாய்ந்ததும் அவர்தான் கேட்டார், இந்த வாய்தான் கேட்டது. “ஏட்டி, கடைசி பஸ்ஸ விட்டுராத, கிளம்பலையா?” அவள் அவரைப் பார்த்த பார்வை. ஏன் அப்படிப் பார்த்தாள் என்று அன்றைக்கு அவருக்குப் புரியவில்லை. பையை ஆணியிலிருந்து எடுத்து, ஈரச் சேலையை ஒரு கவரில் சுருட்டி வைத்துக்கொண்டு, மரவையை நெஞ்சோடு அணைத்தபடி பஸ் ஏறினாள். காயாத சேலையை எதற்கு இப்போதே எடுத்துப் போகிறாய் என்று ஆவுடை சத்தம் போட்டாள், அதுவும் நினைவிருக்கிறது. என்ன கேட்டாள் அன்றைக்கு. எதற்கு நான் தலையை ஆட்டினேன்.

“இந்தாங்க, முடிஞ்சுதா?” ஆவுடை முற்றத்தைக் கடந்து வந்து நின்றாள். சமையல் கட்டிலிருந்து நேரே வந்திருக்கிறாள், கையில் கரண்டி. “இன்னும் அரக்கு ஓட்டணும்” என்றார். “ஒரு உப்புக் கிண்ணத்துக்கு எத்தன நேரம். அவுக மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு இருக்காவ.” “வல்லி என்ன சொல்லுதா?” என்று கேட்டார். ஆவுடை கரண்டியைப் பார்த்தாள். “அவ எங்க சொல்லுதா. வந்ததுல இருந்து ஒரு வார்த்த இல்ல. போவியாட்டின்னு கேட்டா தலையக் குனிஞ்சிக்கிடுதா. நீங்க வந்து நாலு பேர் மத்தியில ஒரு வார்த்த பேசினா என்ன. உங்களுக்கு இந்த மிஷின்தான் பொண்டாட்டி, இதுதான் பிள்ள.” சொல்லிவிட்டு நிற்காமல் போய்விட்டாள், குழம்பு அடிப்பிடித்துவிடும். அவள் சொன்னது ஒன்றும் புதிதில்லை. வீட்டில் எப்போது குரல் உயர்ந்தாலும் சொரிமுத்துவின் கை சுவிட்சுக்குப் போகும். அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்த அன்று அண்ணன் வாசலில் நின்று கத்தக் கத்த இவர் பம்பரம் கடைந்துகொண்டிருந்தார். ஆவுடையும் அவருடைய அம்மாளும் சண்டை போட்டால் உருட்டுக்கட்டைகளாகக் கடைந்து தள்ளுவார். அவர் கோழை என்று யாரும் சொல்லவில்லை, வேலைக்காரர் என்றார்கள், வேலையில் கெட்டி என்றார்கள். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு காலத்தைத் தள்ளிவிட்டார். வல்லியின் கல்யாணத்தையே அப்படித்தான் பேசி முடித்தார்கள், உள்ளே அவர்கள் பேசினார்கள், இங்கே மோட்டார் ஓடியது. மாப்பிள்ளை பிடித்திருக்கிறதா என்று மகளிடம் கேட்டாரா. கேட்டதாக நினைவில்லை. யாராவது கேட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

உப்புத்தாளால் தேய்த்து முடித்தபோது மரம் வெண்ணெய் மாதிரி ஆகிவிட்டது. இனி தேய்க்க ஒன்றுமில்லை. மஞ்சள் அரக்குக் குச்சியை எடுத்துச் சுழலுகிற மரத்தில் அழுத்தினார். சூடேறி அரக்கு இளகி மரத்தைச் சுற்றிப் படர்ந்தது, அந்த மணம் எழுந்தது, பிறந்ததிலிருந்து மூக்கில் இருக்கிற மணம். தாழை மடலை வைத்து அழுத்த மினுமினுப்பு ஏறியது. அடுத்துச் சிவப்பில் ஒரு வளையம், அதை ஒட்டிப் பச்சையில் ஒன்று. வளையம் ஒன்று கூடினால் கொஞ்சம் நேரம் கூடும். கல்லில் மோதி விண்டது இல்லை. மனசு திரும்பவும் அங்கேதான் போனது. கல்லில் மோதினால் அரக்கில் வெள்ளையாகச் சிராய்ப்பு விழும். சுவரில் மோதினால் விரிசலுக்குள் சுண்ணாம்பு ஏறியிருக்கும். பித்தளைப் பானையில் மோதினால் கீறல் விழும். பழைய மரவையில் இது எதுவுமில்லை, நசுங்கல் இருக்கிறது, மேலே அரக்கு பொடிந்திருக்கிறது, அவ்வளவுதான். தை மாதத்து விரிசலிலும் இதே கதைதான், சுளுவாக முடிந்தது என்று பீற்றிக்கொண்டேனே. அப்படியானால் மேலே மெத்தென்றும் உள்ளே கெட்டியாகவும் இருக்கிற ஒன்றில் போய் மோதியிருக்கிறது. மேலே மெத்தென்று, உள்ளே கெட்டியாக. தலையணைக்குக் கீழே பலகை இருக்கலாம். மூட்டை இருக்கலாம், அரிசி மூட்டை. அரிசி மூட்டை நசுக்காது. கறுப்புக் குச்சியை எடுத்தார், கறுப்பு வளையம் ஒன்றும் இருக்கட்டும். முந்தாநாள் வல்லி வந்து இறங்கியதும் ஆவுடை எண்ணெய்க் கிண்ணத்தோடு உட்கார்ந்து தலையைப் பின்னி விடுகிறேன் வா என்றாள், கழுத்தெல்லாம் முடி கலைந்து கிடந்தது. “வேண்டாம்மா, தலைய வலிக்கி.” எப்போதும் அம்மாளின் மடியில் தலையைக் கொடுத்துக் கண்ணை மூடிக்கொள்கிற பெண். முடியைக்கூட ஒரு பக்கமாகச் சாய்த்துத்தான் கட்டியிருந்தாள், இடது காதை மறைத்தாற்போல். இந்தக் காலத்துப் பிள்ளைகள் இப்படித்தான் கட்டுவார்கள் போல என்று நினைத்துக்கொண்டு அவர் சுவிட்சைப் போட்டார்.

கொடித் துண்டை ஒதுக்கிக்கொண்டு சம்பந்தி வந்தார். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் கண்ணாடிக் கூடு, நெற்றியில் திருநீறு. நல்ல மனிதர் என்று ஊரே சொல்லும். பட்டறைக்குள் வந்ததும் மூச்சை ஆழமாக இழுத்து, “இந்த மணம் நம்மள விட்டுப் போவாது சம்பந்தி” என்றார், மோட்டார் சத்தத்தை மிஞ்சுகிற குரலில். “நானும் பதினெட்டு வயசு வரை இதுலதானே உக்காந்து எழுந்தேன்.” சொரிமுத்து தலையை ஆட்டினார். தலை தானாக ஆடுகிறது, எதற்கும் ஆடுகிறது. “ஒரு மரவைக்கு ஊருக்கே சோறு வடிக்கிற நேரம் ஆவுதே. சரி பரவால்ல. ஆவுடை தங்கச்சி சாப்பிட்டுத்தான் போவணுங்கா. இருந்து சாப்பிட்டுட்டு, ராகு காலம் கழிச்சு ஒண்ணரைக்கு மேல கிளம்புதோம். என்ன அவசரம். நீங்க பொறுமையா முடிங்க.” உச்சிவரை இழுத்தால் போதும் என்று கட்டிவைத்திருந்ததெல்லாம் அந்த ஒரு பேச்சில் சரிந்தது. ஒண்ணரை வரை எத்தனை வளையம் போடுவது. மரவை முழுக்கப் போட்டாலும் போதாது. “சின்னஞ்சிறுசுக, முன்னப்பின்ன இருக்கத்தான் செய்யும். பையன் கோவக்காரன், ஆனா மனசுல ஒண்ணும் வச்சுக்கிட மாட்டான்” என்று சொல்லிக்கொண்டே சம்பந்தி மேடை மேல் கையை ஊன்றினார். கைக்குப் பக்கத்தில் பழைய மரவை இருந்தது, விரிசல் வெளிப்பக்கம் பார்க்க. பேசிக்கொண்டிருந்தவர் அதைப் பார்த்தார். பேச்சு நிற்கவில்லை, பேச்சோடு பேச்சாக, ஒரு விரலால், ஏதோ தூசி தட்டுகிற மாதிரி, அதைத் திருப்பி வைத்தார். விரிசல் சுவர்ப்பக்கம் போய்விட்டது. பிறகு சொரிமுத்துவின் முகத்தைப் பார்க்காமல் துண்டை ஒதுக்கிக்கொண்டு வெளியேறினார். பதினெட்டு வயது வரை கடைந்தவர். கல்லில் மோதினால் எப்படி இருக்கும், சுவரில் மோதினால் எப்படி இருக்கும் என்று அவருக்கும் தெரியும். தெரியும். தை மாதத்திலிருந்தே தெரிந்திருக்கும். சொரிமுத்துவின் காது இரண்டும் சூடாகிவிட்டது. எழுந்து அந்த ஆளின் சட்டையைப் பிடிக்க வேண்டும் போல வந்தது, ஆனால் உட்கார்ந்தேயிருந்தார், ஏனென்றால் அந்தச் சட்டையைப் பிடித்தால் அடுத்த நொடி தன் சட்டையையும் பிடிக்க வேண்டியிருக்கும். அந்த ஆள் திருப்பி வைத்தான். நான் அரக்கு வைத்து அடைத்தேன். அவன் செய்தது ஒரு விரல் வேலை, நான் ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து செய்தேன்.

கடைசி வளையத்துக்குச் சிவப்பை அழுத்தினார். வளையம் ஒரு இடத்தில் அகன்றும் ஒரு இடத்தில் ஒடுங்கியும் ஓடியது, வாழ்நாளில் அப்படி ஒரு வளையம் அவர் போட்டதில்லை. பார்வை துண்டுக்குக் கீழே போனது. வல்லி தூணைவிட்டு நகர்ந்து உட்கார்ந்திருந்தாள், இப்போது முழு முகமும் தெரிந்தது. தெய்வானை எழுந்தாள். சுவர் ஆணியில் வல்லியின் பை தொங்கிக்கொண்டிருந்தது, அதை எடுத்து வைக்கத்தான் எழுந்திருப்பாள். அவள் கை வல்லியின் தலைக்கு மேலே உயர்ந்தது. அவ்வளவுதான் நடந்தது. வல்லியின் இடது கை, மடியில் கிடந்த கை, சட்டென்று மேலே போய்க் காதுக்கு மேலே தலையைப் பொத்தியது. தோள் உள்ளே சுருங்கியது, கண் மூடிக்கொண்டது. பட்டறையில் சில்லு தெறித்தால் யாரும் சொல்லாமல் கண்ணுக்குக் கை போகுமே, அந்த மாதிரி. பல தடவை தெறித்த பிறகுதான் கை அப்படிப் பழகும். தெய்வானை பையை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு என்னமோ சொல்லிச் சிரித்தாள். வல்லி கையை மெல்ல இறக்கி, முடியை இழுத்துக் காதை மூடிக்கொண்டு, யாராவது பார்த்தார்களா என்று சுற்றிப் பார்த்தாள். பார்த்துவிட்டார். முற்றத்துக்கு இந்தப்புறமிருந்து பெற்றவன் பார்த்துவிட்டான். மேலே மெத்தென்று முடி. உள்ளே கெட்டியாக. நான் கடைந்து கொடுத்ததை வைத்து. என் கையால் மரத்தின் வைரம் பார்த்து, விண்டு போகாத கட்டையாகத் தேடிப் பிடித்துக் கடைந்து கொடுத்ததை வைத்து. அது விண்டு போகிற அளவுக்கு. விண்டதை நான் திரும்பவும் கெட்டியாக்கி அவள் கையிலேயே கொடுத்து பஸ் ஏற்றினேன். அரக்குக் குச்சியை அவர் அழுத்திப் பிடித்தபடியே இருந்தார், ஒரே இடத்தில் அரக்கு குவிந்துகொண்டிருந்தது, அது அவருக்குத் தெரியவில்லை. இப்போது அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான், அன்றைக்கு அந்த உதடு அசைந்ததே, அதில் ஒரு சொல்லாவது விளங்கியிருக்கலாமே என்பது. விரிசலை அடைத்துத் தா என்று கேட்டவள் அடைத்த மரவையைப் பார்த்து ஏன் ஒன்றும் சொல்லாமல் நின்றாள். ஆகட்டும் என்றதும் எதற்குப் பையை ஆணியில் மாட்டினாள். எதற்குச் சேலையைத் துவைத்துப் போட்டாள். இரவு தங்காதவள் எதற்குச் சேலையைத் துவைக்க வேண்டும்.

அவர் சுவிட்சை அணைத்தார். அரக்கு ஈரமாக இருக்கும்போதே அணைத்தார், குச்சி மரவையோடு ஒட்டிக்கொண்டு நின்றது. பெல்ட் இரண்டு சுற்று வீணாகச் சுற்றி ஓய்ந்தது. திடீரென்று எல்லாம் கேட்டது. குழம்பு கொதிக்கிறது, தெருவில் கார் உறுமிக்கொண்டிருக்கிறது, தெய்வானை பாதிச் சொல்லில் நிறுத்துகிறாள். அரக்கு மணம் காற்றில் இருக்கும்போது இந்த வீட்டில் மோட்டார் நின்றதே கிடையாது, இழவுச் செய்தி வந்த அன்றுகூட ஓட்டி முடித்துவிட்டுத்தான் எழுந்தார். வாசலுக்குள் எல்லா முகங்களும் பட்டறைப் பக்கம் திரும்பின. வல்லியின் முகம் எல்லாவற்றுக்கும் முன்னால் திரும்பியது. சொரிமுத்து சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்த பழைய மரவையை எடுத்துக்கொண்டு, மடியில் ஒட்டிய சுருளைக்கூடத் தட்டாமல் முற்றத்தில் இறங்கினார். துண்டு முகத்தில் மோதியது. உள்ளே போனதும் சம்பந்தி பாதி எழுந்து, “என்ன சம்பந்தி, முடிஞ்சிட்டா?” என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருத்தர் கேட்டதற்குத் தலையை ஆட்டாமல் தாண்டிப் போனார். மகளுக்கு முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து மரவையை இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தார், விரிசல் எல்லோருக்கும் தெரிய. அடுப்படி வாசலில் ஆவுடை கரண்டியோடு நின்றாள். “ஏட்டி வல்லி. தையில வந்தேல்லா. நீ ஒண்ணு கேட்ட, நான் ஆகட்டும்னு தலைய ஆட்டினேன். மிஷின் சத்தத்துல எனக்கு வெளங்கலட்டி. வெளங்காமலேதான் ஆட்டினேன். இப்ப நிப்பாட்டிட்டேன். என்ன கேட்டன்னு இன்னொருக்கச் சொல்லு.” தெய்வானை ஏதோ சொல்ல வாயெடுத்தாள், ஆவுடை “நீ சும்மா இரு தாயி” என்றாள். வல்லி மரவையைப் பார்த்தாள், அப்பாவின் கையில் உறைந்திருந்த சிவப்பு அரக்கைப் பார்த்தாள். பிறகு, சின்ன வயதில் பம்பரம் கேட்கிற மாதிரி கேட்டாள்.

“நான் இங்கயே இருந்துரட்டுமாப்பான்னு கேட்டேன்.”

சொரிமுத்து அன்றைக்குப் போலவே தலையை ஆட்டினார். “ஆகட்டும்” என்றார், அன்றைக்குச் சொன்ன அதே சொல், தெருவரைக்கும் கேட்டது.